இரண்டாவது ஊசி

இன்று காலை பள்ளிக்கூட மண்டபத்தில் ஸ்பிரிட் மணம். யாரோ போத்தலைத் திறந்து பஞ்சில் ஊற்றிய உடனேயே அது வகுப்பறை வரை வந்துவிட்டது. ஏழாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டேன். நீ போய் ஏழு வருடமாகிறது. இன்னும் அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகை அதற்குப் பிறகு வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்காதே. பெரும்பாலும் உன்மேல்தான்.

ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள் இது. பெரியவளானபின் கருப்பை வாயில் புற்றுநோய் வராமல் இருக்க இந்த வயதிலேயே போடுகிற ஊசி. வரிசையில் நின்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊசி தொடுவதற்கு முன்பே "முடிஞ்சிருச்சா மிஸ், முடிஞ்சிருச்சா மிஸ்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசி போட வந்த மருத்துவச்சிக்கு, எங்கள் மிட்வைப் மிஸ்ஸுக்கே, சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது ஒரு தாய் தேயிலைக் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு என்னைத் தேடி வந்தாள். மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த முரட்டுப் படங்குத் துணி ஈரமாக இருந்தது.

"டீச்சர், எம்புள்ளைக்கு மட்டும் போட வேணாங்க. இதப் போட்டா பின்னுக்கு வயித்துல புள்ள தங்காதாம்."

"யாரு சொன்னா?"

"லயத்துல எல்லாரும் சொல்றாங்க."

வராந்தா வாங்குப் பலகையில் அவளை உட்கார வைத்து உன்னைப் பற்றிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்துபோய் மகளின் பக்கத்தில் நின்றுகொண்டாள். பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று. அவளுக்கு நான் சொன்னது சுருக்கம்தான். வீட்டுக்கு வந்த பிறகு, முழுவதையும் உன்னிடமே சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேள்.

நாம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிறந்தவர்கள். ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். கணக்கில் நான் உன்னைப் பார்த்து எழுதித்தான் பாஸானேன் என்று கடைசிவரை சொல்லிக்காட்டினாய். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நீ தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாய், நான் மேலே படித்து ஆசிரியையானேன். சேலை கட்டிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போன முதல் நாள், மலைமேல் நின்று "வணக்கம் டீச்சரம்மா, கொடை புடிக்கட்டுங்களா?" என்று கூவினாய். உன் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் கீழே ரோட்டிலிருந்து கையை ஓங்கிக் காட்டினேன். அதன்பிறகு தினமும் ஒரு கூவல் உண்டு.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இரத்தம் பயம் தருகிற விஷயம் இல்லை. மழை நாட்களில் தேயிலைக்குள் இறங்கினால் அட்டை விரலிடுக்கில் தொடங்கி எங்கே வேண்டுமானாலும் ஏறும். கடித்தது தெரியாது. குடித்துவிட்டு அது உதிர்ந்த பிறகும் இரத்தம் நிற்காமல் வழியும். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் கண்ணில் படும். சவுக்காரத்தைத் தேய்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, பீலிக் குழாய்த் தண்ணீரில் நாம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது உன் கெண்டைக்காலில் ஒரு கோடு இறங்குவதைப் பார்த்தும் நான் பதறவில்லை.

"ஏய், ரத்தம்டி."

"அட்டைதான். காலையில வெறகு பொறுக்கப் போனேன்ல."

குனிந்து கடித்த இடத்தைத் தேடினாய். கிடைக்கவில்லை. "மேல எங்கயோ கடிச்சிருக்கு சனியன்" என்று சிரித்தாய். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தோம். அதற்குப் பிறகும் அடிக்கடி அட்டை கடித்தது. அட்டை உன்னைத்தான் தேடி வருகிறது என்று லயத்தில் கேலியே கிளம்பிவிட்டது. "எம்மருமக ரத்தம் இனிப்பு போல" என்று உன் மாமியார்கூடச் சொன்னார். மழையே இல்லாமல் தரை காய்ந்து வெடித்துக் கிடந்த மாசி மாதத்திலும் நீ அட்டை என்றாய். அன்று நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கு முந்திய வருடம்தான் மிட்வைப் மிஸ் லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "முப்பத்தஞ்சு வயசான பொம்பளைங்க எல்லாரும் டிஸ்பென்சரிக்கு வாங்க. சின்னதா ஒரு டெஸ்ட்டு எடுக்கணும். நோவு இருக்கவங்க மட்டும் இல்ல, நல்லா இருக்கவங்களும் வரணும்." நீ ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய்.

"நோவு இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போறதெல்லாம் டீச்சர்மாருக்குத்தான் சரி" என்று என்னைச் சீண்டினாய். "எனக்கு அன்னைக்குப் பேரு வெட்டிருவாங்க."

கிளினிக் வைப்பது வேலை நாளில், கொழுந்து நிறைந்து நிற்கிற காலையில். மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளத்தில் அந்த நாளே இல்லை. அது ஒரு காரணம். மற்றதை எனக்கு மட்டும் மெதுவாகச் சொன்னாய். "துணியத் தூக்கிக்கிட்டுப் படுக்கணுமாம்டி. அந்த மிஸ்ஸு நம்ம லயத்துக்கு வந்து போற ஆளு. பெறகு எப்புடி மூஞ்சியப் பாக்குறது? அடுத்த தடவ பாப்போம்."

அடுத்த தடவையும் அதையேதான் சொன்னாய். நீ போன பிறகு நான் போய்ப் படுத்தேன். இந்த வருடம் நாற்பத்தைந்து வயதுக்காரர்களைக் கூப்பிட்டார்கள், மறுபடியும் போனேன். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்தான் ஆகிறது. கூச்சமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவுதான். டிஸ்பென்சரிக் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது உன்னைக் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போல் இருந்தது. விடுவதற்கு நீ இல்லை.

நீ மலையில் மயங்கி விழுந்த அன்று கூடை முக்கால்வாசி நிறைந்திருந்ததாம். படங்கை அவிழ்த்த பெண்களுக்குத்தான் தெரிந்தது, எவ்வளவு காலமாக நீ மறைத்திருக்கிறாய் என்று. உள்ளே பழைய சேலைத் துணியை மடித்து மடித்துக் கட்டியிருந்தாய். வெளியே படங்கு மூடிவிட்டது. மழைக்கும் தேயிலைக் குச்சிக்கும் கட்டுகிற படங்கு எதையும் வெளியே காட்டாது.

நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். உன் புருஷனுக்குக் கடைத்தெருச் சிங்களம் வரும், டாக்டர் பேசுகிற சிங்களம் வராது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். தலவாக்கலையில் ரயில் ஏறியதிலிருந்து நீ சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டத்துக் கொழுந்தையும் குறை சொல்லிக்கொண்டே வந்தாய். டாக்டர் சின்னப் பெண். சோதனை முடிவைப் பார்த்துவிட்டு 'பிளிக்கா' என்றார். நான் தமிழில் சொல்ல வாயெடுக்குமுன் நீ தலையாட்டிவிட்டாய். புற்றுநோய்க்கு அந்தச் சிங்களச் சொல்தான் நம் லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் பொறுமையாக விளக்கினார். இது ஒரு வைரஸால் வருவது, பலருக்கு அது தானாகவே போய்விடும், சிலருக்கு உள்ளே தங்கிப் பல வருடம் கழித்து இப்படி ஆகும் என்றார். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்கலாம், உனக்கு அது கருப்பையைத் தாண்டிவிட்டது என்றார். பிறகு, மகள் இருக்கிறாளா, பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டார். உன் மகள் தர்ஷிக்கு ஒரு ஊசி போட்டாயிற்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று இருக்கிறது என்றேன். "அதைத் தவற விடாதீர்கள்" என்றார்.

"அந்த ஊசிய எனக்குப் போட்டா சரியாகாதான்னு கேளுடி" என்றாய்.

கேட்டேன். நோய் வருவதற்கு முன்னால் போடுவது அது, வந்த பிறகு போட்டுப் பயனில்லை என்று அவர் உன் கையைத் தொட்டுச் சொன்னார். அதை அப்படியே தமிழில் உன்னிடம் சொன்னேன்.

திரும்பும்போது ரயிலில் என்னிடமும் உன் புருஷனிடமும் சத்தியம் வாங்கினாய். "வயித்துல கட்டின்னு சொல்லு. பொம்பளைக்கு அங்க நோவுன்னா ஊரு வேற மாதிரி பேசும்." அப்படியே சொன்னேன். கண்டியில் கதிர் சிகிச்சைக்குப் போய் வந்தாய், முடி கொட்டவில்லை என்பதால் எல்லாரும் கட்டி என்றே நம்பினார்கள்.

அந்த மாதங்களில்தான், பள்ளிக்கூடத்தில் போடுவது பிள்ளை பெறாமல் பண்ணுகிற ஊசி என்ற கதை கிளம்பியது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, லயம் லயமாகப் பரவிவிட்டது. உன் வீட்டில் அதை உறுதியாக நம்பியவர் உன் மாமியார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இளம் வயதில், மூன்றாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மற்றப் பெண்களோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அவருக்குக் கருத்தடை ஆப்பரேசன் செய்தார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனுசிக்கு ஊசி என்றாலே சந்தேகம் வராதா? இந்த ஊசிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பேத்திக்கு அடுத்த ஊசி கிடையாது என்றார்.

இது போதாதென்று, இரண்டாவது ஊசி வருகிற வாரத்தில் தர்ஷி பெரியபிள்ளையாகிவிட்டாள். உன் வீட்டு ஒற்றை அறையான காம்பராவின் மூலையில் சேலையைக் கட்டி மறைத்து அவளை உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய், காத்துக் கறுப்பு அண்டாமல் பக்கத்தில் ஒரு இரும்பு. தண்ணீர் ஊற்றிச் சடங்கு முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. ஆண்கள் கண்ணில் படவே கூடாது. ஊசி போடுகிற நாளோ சடங்குக்கு முன்னால் வந்து நின்றது.

நான் காலையிலேயே உன் வீட்டுக்கு வந்தேன். தவறினாலும் பரவாயில்லை, பிறகு டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போடலாம் என்று உனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தேன். நீ பாயைவிட்டு எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டிருந்தாய். எழும்பி நடக்கவே முடியாத நாட்கள் அவை.

"பெறகுன்னு சொல்லாத. நான் கிளினிக்கு பெறகு போறேன்னுதான் சொன்னேன்."

மறைப்பை விலக்கி மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாய். வாசலில் உன் மாமியார் குறுக்கே வந்து நின்றார். சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பராக்களிலிருந்தும் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"தீட்டோட புள்ளைய எங்க இழுத்துக்கிட்டுப் போற? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"ஊசி போட, மாமி."

"எங்கள லாரியில ஏத்திக்கிட்டுப் போனப்பவும் நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க."

நீ சுவரைப் பிடித்துக்கொண்டாய். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். பிறகு நான் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒன்றைச் செய்தாய். அத்தனை பேர் நடுவில், உன் புருஷனும் நிற்க, மறைத்து வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னாய்.

"எனக்கு வயித்துல கட்டி இல்ல. கருப்பை வாயில பிளிக்கா. அட்ட கடிச்சிருச்சின்னு சொல்லிச் சொல்லி ஒங்களையும் சிரிக்க வச்சேன். அது அட்ட இல்ல. இனிமே ஒருத்திக்கு ரத்தம் பட்டா அட்டன்னு சொல்லாதீங்க, போய்ப் பாருங்க." மாமியார் பக்கம் திரும்பினாய். "மாமி, ஒங்ககிட்ட அன்னைக்கு யாரும் கேக்கல. எங்கிட்ட கேட்டாங்க. நான் சரின்னு சொல்றேன். நான்தான் இவ தாய்."

உன் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமியார் உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் உன் புருஷனின் கவ்வாத்துக் கத்தி இருந்தது, தேயிலைச் செடி வெட்டுகிற அந்த வளைந்த கத்தி. அதைத் துண்டில் சுற்றித் தர்ஷியின் கையில் கொடுத்தார்.

"இரும்ப விட்டுறாத புள்ள. பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அழுதார்.

தலையில் சேலையைப் போட்டு மூடி, கையில் கத்தியோடு அவளை நடுவில் விட்டு நாம் நடந்தோம். பாதி வழிக்கு மேல் உன்னால் முடியவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து எங்களைப் போகச் சொன்னாய். மண்டபத்தில் தர்ஷி துண்டை மடியில் வைத்ததும் கத்தி எட்டிப் பார்த்தது. மிட்வைப் மிஸ் அரண்டுபோனார்.

"இது என்ன புள்ள?"

"கவ்வாத்துக் கத்தி மிஸ். தொணைக்கு."

அவரும் நம் பக்கத்துத் தோட்டத்துப் பெண்தானே. உடனே விளங்கிவிட்டது. "சரி, கத்திய அந்தக் கைக்கு மாத்திக்க. ஊசி இந்தக் கையில" என்றார். திரும்பி வந்து இதைச் சொன்னபோது நீ கல்லில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வலித்திருக்கும். ஆனாலும் சிரித்தாய்.

அடுத்த கிளினிக் நாளில் நம் லயத்துப் பெண்கள் சிலர், ஒரு பேர் போனால் போகட்டும் என்று, கூட்டமாகச் சேர்ந்து போனார்கள். அதை உன்னிடம் வந்து சொன்னேன். "கூட்டமாப் போனா வெக்கம் இல்ல போல" என்றாய். தர்ஷிக்கு இப்போது பதினெட்டு வயது. கொட்டகலையில் உயர்தரம் படிக்கிறாள். உன்னைப் போலவே கணக்கு வரும், உன்னைப் போலவே வாய். ஊசி போட்டிருந்தாலும் முப்பத்தைந்து வயதில் கிளினிக்குக்குப் போயே ஆக வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். "அதுக்குள்ள எனக்கு வயசாகட்டும் பெரியம்மா" என்று சிரிக்கிறாள்.

உன்னைக் கடைசியாகப் பார்த்தது கண்டி ஆஸ்பத்திரி வார்டில். நோயாளிகளைப் பார்க்க விடுகிற பகல் நேரம். தர்ஷி தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். நீ என் விரலைப் பிடித்து இழுத்தாய். குரல் மெலிந்துபோயிருந்தது.

"ஒன்னு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது."

"கேளு."

"நம்ம ஆறாம் வகுப்புல இருந்தப்ப ஊசி போட வந்தாங்கல்ல. நான் பயந்துக்கிட்டு வேலியத் தாண்டி ஓடிட்டேன். தேயிலைக்குள்ள ஒளிஞ்சிருந்து, அவங்க போன பெறகுதான் வந்தேன். அது இந்த ஊசியாடி?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. இத்தனை மாதமாக, அத்தனை வலிக்கு நடுவில், இதையும் மனதில் போட்டுப் புழுங்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாய்.

"இல்லடி. அது வேற ஊசி. இது அப்ப வரவே இல்ல. நம்ம நாட்டுல எந்தப் பள்ளிக்கூடத்துலயும் யாருக்கும் போடல. ஓடாம நின்ன எனக்கும் போடல."

"சத்தியமா?"

"சத்தியமா."

நீ என் விரலை விட்டாய். முகம் தெளிந்தது.

"அப்ப அது ஒன்னாவது என் தப்பு இல்ல."

ஒன்றாவது. அந்தச் சொல்லை என்னால் இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை. மற்றதெல்லாம் உன் தப்பு என்று நீயே முடிவு செய்துகொண்டு போய்விட்டாய். கிளினிக்கைக் கொழுந்து மலிந்த காலையில் வைத்தது நீயா? அங்கே போனால் பேரை வெட்டியது நீயா? பெண்ணுக்கு அந்த இடத்தில் நோவென்றால் வேறு மாதிரிப் பேசுகிற வாய் உன் வாயா? உன்மேல் கோபப்படுகிற நானும் இதையெல்லாம் நினைத்துப் பார்த்தால் அழ வேண்டியிருக்கும் என்றுதான் கோபத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் போலும்.

அன்று சாயங்காலம் தர்ஷியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். அவளுக்கு உட்கார இடம் கிடைத்ததும் என்மேல் சாய்ந்து தூங்கிப்போனாள். ஊசி போட்ட கை என் பக்கம் இருந்தது. வழியெல்லாம் கூட்டம் ஏறி இறங்கி நெருக்கியது. அந்தக் கையில் யாரும் இடித்துவிடாமல் என் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டே வந்தேன். ஊசி போட்ட இடம் ஆறி எத்தனையோ நாளாகியிருந்தது. இருந்தாலும் வைத்துக்கொண்டுதான் வந்தேன், இன்னும் எடுக்கவில்லை.